இருக்கன்குடியில் இரண்டு சூடம்

சண்டையை விலக்கிவிடுவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறதாம், அதைப் படிக்க மாரிசெல்வியை அயர்லாந்துப் பக்கம் விமானத்தில் அனுப்பப்போகிறார்களாம் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, நான் சிரித்த சிரிப்பில் மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வாத்தியார்களை ஒரு வாரம் எங்கள் தெருக் குழாயடிக்கு அனுப்பிவைத்தால் அவர்கள் படித்துவிட்டுப் போவார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிக்க வரும்.

என் பெயர் கற்பகம். சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் சரிபார்க்கிறேன். மாரிசெல்வியும் நானும் சாத்தூருக்கு மேற்கே ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அவளுக்குக் காது நீளம். யார் என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேட்பாள். கேட்டுக் கேட்டே சண்டைக்காரனை ஓயவைத்துவிடுவாள்.

அவள் அப்பா இருளாண்டி நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முருகம்மாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையும் ஆபீஸ்தான், பட்டாசுத் தொழிற்சாலையும் ஆபீஸ்தான். வெளியூர்க்காரர்கள் கேட்டால், எல்லோரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். மூத்தவன் அன்பரசன் பட்டாசு ஆபீசில் ஃபோர்மேன் ஆனான். கடைக்குட்டி ரோஜா பன்னிரண்டாவது முடித்த கையோடு அதே ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். நடுப்பிள்ளை மாரிசெல்வி மட்டும் மதுரையில் சமூகப்பணி படித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, சுற்றுவட்டார ஊர்களில் மாலைப் பள்ளி நடத்தினாள்.

பள்ளி நடத்தியது பாதி, பஞ்சாயத்துப் பேசியது பாதி. விடியற்காலையில் ஆள் ஏற்ற வருகிற கம்பெனி வேன் எந்தத் தெருவுக்கு முதலில் வரவேண்டும் என்று ஒருதரம் மேலத்தெருப் பெண்களுக்கும் கீழத்தெருப் பெண்களுக்கும் அடிதடி. முதலில் ஏறுகிறவர்களுக்குத்தானே உட்கார இடம். மாரிசெல்வி இரண்டு பக்கத்திலும் வாய் பெரிசான ஒருத்தியைக் கூப்பிட்டு, எதிராளியின் குறையை உன் வாயால் நீ சொல்லு என்றாள். மேலத்தெருக்காரி கீழத்தெருவின் மூட்டுவலியையும் கைப்பிள்ளையையும் எடுத்துச் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே சிரித்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் வேன் மாறிமாறி வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்குத் தானாக வந்த வித்தை அது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசி மாதம் அன்பரசனும் ரோஜாவும் வேலை பார்த்த பட்டாசு ஆபீஸ் வெடித்தது. வானத்தில் போய் வெடிக்கிற ஃபேன்சி ரகம் செய்கிற ரூம். நாலு பேர் உட்காரவேண்டிய இடத்தில் அதுபோல இரண்டு மடங்கு ஆளை உட்காரவைத்து, இடம் போதாமல் வெளியே வேப்பமரத்தடியிலும் உட்காரவைத்து வேலை நடந்திருக்கிறது. சீசன் ஆர்டர் அவசரம். மரத்தடியில் இருந்த ரோஜாவும் போனாள். அன்பரசன் அந்த நேரம் குடோனுக்கு வெடிக்கான காகிதக் குழாய் எடுக்கப் போயிருந்ததால் பிழைத்தான்.

முதலாளி கனகசபாபதி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். அவருடைய மேனேஜர் வெள்ளைத்துரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டான். ரோஜா கையில் இருந்த வெடிமருந்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டாள், அதில்தான் தீப்பிடித்தது என்றான். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறாள்? ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்த குருவம்மாள், முருகம்மாள் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். மகளைப் புதைத்த ஈரம் காயவில்லை, அந்தத் தாய்க்கு அதையும் பார்க்கவேண்டியிருந்தது.

மாரிசெல்வி ஒருவரோடும் சண்டை போடவில்லை. பிழைத்துக் கிடந்தவர்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள். அடுத்த ரூமில் வேலை செய்த ஒரு பெண், தீ முதலில் உள்ளேயிருந்துதான் வந்தது, ரோஜா மரத்தடியில் திரிதான் வைத்துக்கொண்டிருந்தாள், மருந்துப் பக்கமே வரவில்லை என்று சொன்னாள். அந்தப் பெண்ணைக் குணமான பிறகு ஊருக்குக் கூட்டிவந்து, குருவம்மாள் வீட்டில் உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் சொல்லவைத்தாள். குருவம்மாள் அன்று சாயங்காலமே வந்து முருகம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாரிசெல்வி பார்த்த பஞ்சாயத்துகளில் பெரிய பஞ்சாயத்து என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. ரோஜாவின் மேல் தப்பில்லை என்று கோர்ட்டில் ஏறவேண்டும். நஷ்டஈடு கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்கட்டும், என் தங்கச்சி பேரில் கொலைப்பழி நிற்கக்கூடாது என்பாள். அதற்குச் செத்தவர்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஒரே வாயாக நிற்கவேண்டும். நிற்பார்களா? ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கம்பெனிக்காரன் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுத் தனித்தனியாகப் பேசி முடித்துவிடுவது இந்தப் பக்கம் நடைமுறை. பக்கத்து வீட்டுக்காரன் முடித்துவிட்டானே என்று இவனும் போய் முடித்துக்கொள்வான்.

அதனால்தான் எல்லோரையும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். எங்கள் பக்கம் பத்திரத்தில் போட்ட கையெழுத்தை மறுநாளே மறுத்துப் பேசுவான், சூடத்தின் மேல் வைத்த கையை மறுக்கமாட்டான். மாரியம்மன் சன்னிதிக்கு எதிரே தரையில் சூடத்தைக் கொளுத்தி, சொல்லவேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். பொய் சொல்லி அணைத்தால் ஆத்தா கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாரிசெல்வி சொல்லச்சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். "மாரிசெல்வி முன்னால இல்லாம கம்பெனியோட பேசி முடிக்க மாட்டோம். ஒரு கையெழுத்தும் போட மாட்டோம்." வயதில் மூத்தவள் என்று முருகம்மாள்தான் முதலில் கையை வைத்தாள். பிறகு அன்பரசன், குருவம்மாள், ஒவ்வொருவராக மற்றவர்களும். அணைய அணையப் புதுச் சூடம் கொளுத்திக்கொண்டே இருந்தோம்.

இதற்குப் பிறகு சுகிர்தா வந்தாள். முதலாளியின் மருமகள். வெளிநாட்டில் படித்தவள், கம்பெனி பெயரில் நடக்கிற அறக்கட்டளையைப் பார்த்துக்கொள்கிறவள். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே வந்து, முருகம்மாள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ரோஜா போட்டோவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் செய்தது தப்பு, வீட்டில் நான் ஒருத்திதான் சொல்கிறேன், என் பேச்சு எடுபடவில்லை என்று மாரிசெல்வியிடம் சொன்னாளாம். அப்படியே பழக்கமாயிற்று. அமைதியும் சச்சரவுத் தீர்வும் என்று ஒரு படிப்பு, உலகம் முழுக்கத் தேடி ஆள் எடுத்து அவர்களே செலவுசெய்து படிக்கவைக்கிறார்கள், உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று சொன்னதும் அவள்தான்.

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையாக இருக்கிறது, பார்த்துக்கொள் என்றேன். நீ எல்லோரையும் சந்தேகப்படுவாய் என்று மாரிசெல்வி என் வாயை அடைத்தாள். எதிராளி வீட்டிலும் ஒரு நல்ல மனுஷி இருப்பாள் என்று நம்பாவிட்டால் சமாதானம் எப்படி வரும் என்று கேட்டாள். இன்றைக்குக் கேட்டால் அதற்கு என்னிடம் பதில் நிறைய இருக்கிறது.

இன்டர்வியூ கம்ப்யூட்டரில் நடந்தது. அதற்குப் பழக்கிவிட சுகிர்தா சிவகாசியில் தன் வீட்டுக்கே மாரிசெல்வியை வரவழைத்தாள். நீ அமைத்துக்கொடுத்த ஓர் உடன்பாட்டைப் பற்றிச் சொல்லு என்று கட்டாயம் கேட்பார்கள், அதை எனக்குச் சொல்லிக் காட்டு என்றாள். எங்கள் ஆள் இருக்கன்குடியைச் சொன்னாள். சூடத்தைச் சொன்னாள். எல்லோரும் சொன்ன வார்த்தையை ஒரு எழுத்து விடாமல் இங்கிலீஷில் சொல்லிக் காட்டினாள். நன்றாக இருக்கிறது, அந்த வாக்கியத்தை இன்னொருதரம் தெளிவாகச் சொல்லு என்று சுகிர்தா திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாளாம். தன் இங்கிலீஷைத் திருத்துவதற்காக என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

இடம் கிடைத்துவிட்டது. போகலாமா வேண்டாமா என்று அவளுக்கு ஒரே தவிப்பு. எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டாள். கேஸ் எப்படியும் வருஷக்கணக்காக இழுக்கும், ஒரு வருஷம்தானே, போய்ப் பெரிய படிப்பாகப் படித்துவிட்டு வா என்று எல்லோரும் சொன்னார்கள். நீ வருகிறவரைக்கும் நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம், சூடம் அணைத்திருக்கிறோமே என்று குருவம்மாள் கையைப் பிடித்துச் சொன்னாள். மதுரை விமான நிலையத்தில் அன்பரசன்தான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அப்படி அழுதான். அந்த அழுகை பொய் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

பெல்பாஸ்ட் என்று அந்த ஊருக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குப் போன் பேசுவாள். அங்கே இரண்டு சாதிக்காரர்கள் மாதிரி இரண்டு கோயில்காரர்கள், நடுவில் பெரிய சுவர், சில இடத்தில் பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று சொன்னாள். நம்ம ஊரில் சுவருக்குச் செலவே இல்லை, கண்ணாலேயே கட்டிவிடுவோம் என்றேன். ஏதோ பண்டிகைக்கு ஆற்றங்கரையில் வாணவேடிக்கை விட்டார்களாம். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். இவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். அன்று பேச முடியாமல் போனை வைத்துவிட்டாள்.

வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் உடன்பாடு ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும். இவள் மறுபடியும் இருக்கன்குடியைத்தான் எடுத்தாள். கொலம்பியாக்காரன் ஒருவன் எழுந்து, ஒருவர் பொய் சொல்லிவிட்டு அந்த நெருப்பை அணைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டானாம். எங்கள் ஊரில் பொய் சொல்லி அணைக்க எந்தக் கையும் நீளாது என்று இவள் சொன்னாளாம். வாத்தியார் அம்மா எழுந்து கைகுலுக்கினாராம். இதைப் போனில் சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு பெருமை.

மாசியில் முதலாமாண்டு நினைவுநாள் வந்தது. செத்தவர்களுக்கு எல்லோரும் சேர்ந்து இருக்கன்குடியில் பொங்கல் வைக்கிறோம், நீயும் போனில் வந்து நாலு வார்த்தை பேசு என்று அன்பரசன் அவளிடம் கேட்டிருக்கிறான். எனக்கு அன்று பிரஸ்ஸில் லேபிள் லோடு போகிற நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை. அவள் வீடியோவில் வந்தாள். கூடப் படிக்கிறவர்கள் பின்னால் நின்று கையசைத்தார்களாம். ஆறு தெரிந்தது, பொங்கல் பானை தெரிந்தது, எல்லோர் முகமும் தெரிந்தது, ரொம்ப நேரம் பேசினேன், யாரும் பிரிந்துவிடாதீர்கள் ஒற்றுமையாக இருங்கள் என்று சொன்னேன், குருவம்மாக்கா அழுதுகொண்டே இருந்தாள் என்று அன்றைக்கே எனக்குச் சொல்லி நெகிழ்ந்துபோனாள்.

படிப்பை முடித்துத் தீபாவளிக்கு முன்னால் திரும்பி வந்தாள். வந்த மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு முதல் வேலையாகக் குருவம்மாள் வீட்டுக்குப் போனாள். புதுக் கூரை போட்டிருந்தது. அரசாங்கப் பணம் வந்தது என்று அன்பரசன் எனக்குச் சொல்லியிருந்தான், நானும் நம்பியிருந்தேன். குருவம்மாள் காப்பி கொடுத்தாள். அடுத்த வாய்தா எப்போது, எல்லோரும் சேர்ந்து போவோம் என்று மாரிசெல்வி ஆரம்பித்ததும் அவள் முழித்தாள்.

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே தாயி. பொங்கல் வச்சமே, அன்னைக்கு."

மாரிசெல்விக்கு விளங்கவில்லை. என்ன முடிந்தது என்று கேட்டாள். குருவம்மாளுக்கு ஒளிக்கத் தெரியவில்லை, ஒளிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. வெள்ளைத்துரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அதன்மேல் துண்டை விரித்து, போனை நிமிர்த்தி வைத்தானாம். மாரிசெல்வி பேசிக்கொண்டிருந்தபோது ஒவ்வொருவராக நாற்காலிக்குப் பின்பக்கம் போய்க் கையெழுத்துப் போட்டார்களாம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்களாம். கையோடு கம்பெனிப் பணத்தையும் கொடுத்துவிட்டார்களாம். கம்பெனி மேல் எங்களுக்குப் புகார் இல்லை, ரோஜாவின் கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது. இவ்வளவுதான் அந்தக் காகிதத்தில் இருந்தது. முதல் கையெழுத்து யார் என்று மாரிசெல்வி கேட்டாள். உன் அண்ணன்தான் என்றாள் குருவம்மாள்.

நான் கத்திவிட்டேன். சூடம் அணைத்தீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். குருவம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மாரிசெல்வியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீ முன்னால இருக்கப்போயித்தான தாயி போட்டோம். நாற்காலியில நீதான இருந்தே. நீ இல்லாம போட்டிருந்தா ஆத்தா எங்க கண்ணைப் பிடுங்கியிருக்க மாட்டாளா?"

அவள் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. சுகிர்தாம்மா வந்து விளக்கிச் சொன்னார்கள், சத்தியத்துக்குப் பங்கம் வராது, அந்தப் பிள்ளை முன்னால்தானே போடுகிறீர்கள் என்றார்கள் என்று சொன்னாள். மாரிசெல்விக்கும் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அன்பரசன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். மாரிசெல்வி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த வாக்கியத்தை இன்னொருதரம் தெளிவாகச் சொல்லு என்று சொன்னவள் யார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேரே சிவகாசிக்குப் போனோம். சுகிர்தா எங்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, படிப்பு எப்படி இருந்தது என்று விசாரித்தாள். அந்தத் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும். மாரிசெல்வி ஒரே கேள்விதான் கேட்டாள். என்னை அனுப்பியது இதற்குத்தானா என்றாள். சுகிர்தா, உனக்கு அந்தப் படிப்புக்குத் தகுதி இருந்தது, அது பொய்யில்லை என்றாள்.

"உன்னை யாரும் ஏமாத்தலை மாரிசெல்வி. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பேசி முடிச்சாங்க, கம்பெனியும் மூடாம நிக்குது. நீ படிச்சதும் இதைத்தானே?"

நான் அன்றைக்கு அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுதமுடியாது. மாரிசெல்வி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். படித்த ஒருத்தி செய்த துரோகத்தைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவளை அரித்தது அண்ணன்தான்.

அன்பரசன் வீட்டுக்குப் பின்னால் கல்லில் உட்கார்ந்திருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஆள் அதிகமாக உட்காரவைத்தது நிரூபணமானால் முதலில் உள்ளே போவது ஃபோர்மேன்தான், முதலாளி வீட்டு நிழல்கூட ஜெயிலுக்குப் போகாது என்றான். ஆளை உட்காரவைக்கச் சொன்னது அவர்கள், உட்காரவைத்தது என் வாய், கேஸில் இருப்பது என் பேர் என்றான். இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மாரிசெல்வி கேட்டாள். சொன்னால் நீ விட்டிருப்பாயா என்று திருப்பிக் கேட்டான்.

"செத்தவளை எவனும் ஜெயில்ல போடப்போறதில்ல, மாரி. எம் பிள்ளைகளுக்கு நான் இருக்கணும்ல."

அவள் நின்றபடியே அழுதாள். ஏ அண்ணே, அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டுதானே முதல்நாள் அந்த ஆபீசுக்குப் போனாள் என்று மட்டும் கேட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவள் ஓயவில்லை. மறுபடியும் வீடுவீடாகப் போனாள். திட்டவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லோரும் இருக்கன்குடிக்கு வாருங்கள், ஒரே ஒரு சூடம் கொளுத்துவேன் என்றாள். ரோஜா கைத்தப்பால்தான் தீப்பிடித்தது என்று சொல்லி உங்களில் ஒரே ஒருவர் அதை அணைத்துவிட்டால் நான் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன், ஒருவரும் அணைக்காவிட்டால் எல்லோரும் என்னோடு கோர்ட்டுக்கு வந்து, காகிதத்தில் இருப்பது பொய் என்று சொல்லவேண்டும் என்றாள். நியாயந்தானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஏமாந்தது அவர்களுக்கும் உள்ளுக்குள் குத்திக்கொண்டுதான் இருந்தது.

இது சரிதானா என்று எனக்குக் கொஞ்சம் பயம். ஒருதரம் சூடத்தை நம்பிக் கெட்டது போதாதா என்று கேட்டேன். போனதரம் அவர்கள் பொய்ச் சத்தியம் செய்யவில்லையே கற்பகம், சந்து பார்த்துத்தானே நுழைந்தார்கள், இந்தச் சத்தியத்தில் சந்து கிடையாது என்றாள். எந்தக் கையும் நீளாது என்றாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகமில்லை. மொட்டை போட வந்த இரண்டு குடும்பங்கள், பொங்கல் வைக்கிறவர்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர் ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அன்பரசனும் வந்து கடைசியில் தூணோரம் நின்றான். மாரிசெல்வி தரையைக் கையால் துடைத்துச் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். ரோஜாதான் காரணம் என்று நினைக்கிறவர்கள் வந்து அணையுங்கள் என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. குருவம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அன்பரசன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் ஆத்தா மேல் பயந்தான். சூடம் நின்று எரிந்தது. அப்பம் நாங்க கோர்ட்டுக்கு வாரோம் தாயி, உள்ளதைச் சொல்லிப்பிடுறோம் என்று குருவம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். மாரிசெல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

முருகம்மாள் பொங்கல் அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தூணோரம் நின்ற மகனை மட்டும் ஒருதரம் பார்த்தாள். சூடத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"எம் மக ரோஜா கைதவறித்தான் தீப்பிடிச்சுச்சு."

சொல்லிவிட்டு வலது கையை வைத்தாள். எல்லோரும் அடித்து அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். அவள் எடுக்கவில்லை. உள்ளங்கையை அப்படியே அமுக்கிக்கொண்டு இருந்தாள். நான் போய் இழுத்தேன், வரவில்லை. முந்தின சத்தியத்துக்கு முதலில் நீண்ட கையும் அதுதான்.

முருகம்மாள் தானாகவே எழுந்து, பெற்ற மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"பொய்ச் சத்தியம்னா ஆத்தா என் கண்ணை எடுத்துக்கிடட்டும். ஒருத்தியைக் குடுத்துட்டேன். நீ அவனை விட்டுரு."

அதற்குமேல் யார் என்ன பேசுவது? பெற்றவளே ஆத்தா முன்னால் சொன்ன பிறகு, இல்லை என்று கோர்ட்டில் சொல்ல ஊரில் எவருக்கு வாய் வரும்? ஒவ்வொருவராக வேனில் போய் ஏறினார்கள். குருவம்மாள் மட்டும் நின்று, நிஜமாகவே ரோஜாதானோ என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். மண்ணை வாரித் தூற்றிய அந்தப் பழைய குருவம்மாள் அவள் கண்ணில் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

மாரிசெல்வி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து, அம்மாவின் கையைக் கழுவிவிட்டாள். கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

இப்போது விருதுநகரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, அதே தொண்டு நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறாள். பஞ்சாயத்துக்கு ஆள் கூப்பிட்டால் போவதில்லை. மருந்து வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்க வருகிறாள். முருகம்மாளின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளங்கையில் மட்டும் தழும்பு இருக்கிறது. அவள் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, சாப்பிடு தாயி என்று மகள் முன்னால் வைப்பாள். மாரிசெல்வி அம்மாவின் காலைப் பிடித்துவிடுவாள், துணி துவைத்துப் போடுவாள், வீட்டைக் கூட்டுவாள். தாகமெடுத்தால் குடத்தில் தானே மோந்து தண்ணீர் குடிப்பாள். அந்தக் கை போட்ட சோற்றை மட்டும் இதுவரைக்கும் ஒருவாய் சாப்பிட்டதில்லை.